யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டு மென்பொருள் வேலைக்கு: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

மென்பொருள் வேலைக்கு வெளிநாடு போக நினைக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் என்னிடம் முதலில் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த சைட்டில அப்ளை பண்ணுறது?" அதற்கான பதில் இங்கே ஏழாவது படியில் வருகிறது. அதற்கு முன் ஆறு வேலைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் விண்ணப்பித்து, வேலையும் கிடைத்து, பிறகு ஒரு பத்திரத்துக்காக மூன்று மாதம் ஓடித் திரிந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு அந்த வேலையே கைநழுவிப் போனது.

நான் போனது ஜேர்மனிக்கு. ஆகவே உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். முதல் மூன்று படிகள் எந்த நாட்டுக்கும் பொருந்தும். வரிசைக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: காலாவதி ஆகாத பத்திரங்களை முதலில் எடுங்கள், காலாவதி ஆகும் பத்திரங்களைக் கடைசியில் எடுங்கள். பலர் இதை மறுவளமாகச் செய்கிறார்கள். பொலிஸ் சான்றிதழை முதல் ஆளாக எடுத்து வைப்பார்கள். வேலை கிடைக்கும்போது அது பழசாகிவிடும்.

1. எல்லாப் பத்திரத்திலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும்தான். வெளிநாட்டுப் படிவமோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் மற்றப் பெயருக்கு ஒரு கட்டமும் வைத்திருக்கும்.

போன ஆவணியில் கொக்குவிலில் ஒரு தம்பியின் வீட்டு மேசையில் ஐந்து பத்திரங்களை வரிசையாக விரித்து வைத்துப் பார்த்தோம். பிறப்புப் பத்திரத்தில் அவருடைய பெயர் மட்டும் இருந்தது. தகப்பன் பெயர் தகப்பனுக்குரிய கட்டத்தோடு நின்றது. அடையாள அட்டையில் இரண்டு பெயரும் இருந்தன. பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயரை ஆங்கிலத்தில் 'டி' மட்டும் போட்டு எழுதியிருந்தார்கள். கடவுச்சீட்டில் அதே இடத்தில் 'டி'யோடு 'எச்'சும் சேர்ந்து வந்தது. வேலை செய்த இடத்துக் கடிதத்தில் முதலெழுத்தும் பெயரும் மட்டும். எங்களுக்கு இது ஐந்தும் ஒரே ஆள் என்று பார்த்தவுடனே தெரியும். தமிழே தெரியாத ஒரு வீசா அதிகாரி இந்தப் பட்டம் இவருடையதுதான் என்று எப்படி முடிவு செய்வார்?

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஒவ்வொரு பத்திரத்திலும் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். மனதுக்குள் ஒப்பிட்டால் கண் ஏமாற்றிவிடும். 'ஏ' எழுத்து ஒன்றா இரண்டா, 'எஸ்' மட்டுமா 'எஸ், எச்'சா என்பதெல்லாம் எழுதும்போதுதான் தெரியவரும்.

பிறகு எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். பட்டச் சான்றிதழை மாற்றுவது கடினம். பல்கலைக்கழகம் பதிவில் இருக்கும் பெயரைத்தான் போடும். வேலைக் கடிதத்தை மாற்றுவது சுலபம். ஆகவே பிறப்புப் பத்திரத்தையும் பட்டத்தையும் அடித்தளமாக வைத்து, கடவுச்சீட்டை அவற்றோடு ஒத்துப்போகச் செய்து, வேலைக் கடிதங்களைக் கடவுச்சீட்டின்படி வாங்குங்கள். பிறப்புப் பதிவிலேயே பிழை இருந்தால் உங்கள் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் காலம் எடுக்கும். அதனால்தான் இதை முதலாம் படியில் வைத்திருக்கிறேன்.

திருத்த முடியாத வேறுபாட்டுக்கு, இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்திருங்கள். சில இடங்களில் அதை ஏற்பார்கள், சில இடங்களில் மேலும் கேட்பார்கள். ஆகவே அதைக் கடைசி வழியாகவே வையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எது அச்சாகிறதோ, அதுதான் வெளிநாட்டில் உங்கள் பெயர். தகப்பன் பெயர் அங்கே இருந்தால் அலுவலகக் கடிதம், வங்கி அட்டை, வீட்டு அழைப்பு மணி எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான் வரும். அதை இப்போதே தெரிந்துகொண்டு, சிவி முதல் லிங்க்ட்இன் வரை எல்லா இடத்திலும் அப்படியே எழுதிப் பழகுங்கள்.

2. கடவுச்சீட்டு

பெயர் சரியான பிறகு கடவுச்சீட்டு. முன்பு இதற்காக வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ போகவேண்டும். 2025 செப்டெம்பரில் யாழ் மாவட்டச் செயலகத்திலேயே கடவுச்சீட்டு அலுவலகம் திறந்துவிட்டார்கள். கையில் இருக்கும் கடவுச்சீட்டு இரண்டு வருடத்துக்குள் முடியப்போகிறது என்றால் இப்போதே புதியதை எடுங்கள். வீசாவும் வதிவிட அனுமதியும் கடவுச்சீட்டின் காலத்தைத் தாண்டிக் கிடைப்பது கடினம்.

வேலை வரட்டும், பிறகு எடுக்கலாம் என்று இருக்காதீர்கள். 2024 இல் கடவுச்சீட்டுப் புத்தகத் தட்டுப்பாடு வந்தபோது பத்தரமுல்லையில் சனம் இரவிரவாக வரிசையில் நின்றது. அந்த நேரத்தில் கையில் வேலையும் இருந்து கடவுச்சீட்டு இல்லாமல் நின்றவர்களின் நிலை பாவம்.

3. அனுபவத்தைக் கடிதமாக வாங்கி வையுங்கள்

முதலில் ஒரு நேரான வார்த்தை. படித்து முடித்த உடனே, அனுபவம் இல்லாமல், வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வீசா எடுத்துக் கூப்பிடுவது மிக அரிது. இரண்டு மூன்று வருடம் இங்கே வேலை செய்யுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே செய்யக்கூடிய மென்பொருள் வேலைகள் இப்போது இருக்கின்றன. அந்த வருடங்கள் வீணாகப் போவதில்லை. வீசாவுக்கு ஆதாரமாகப் போவது அவைதான்.

ஒவ்வொரு வேலையை விடும்போதும் ஒரு சேவைக் கடிதம் வாங்குங்கள். அதில் தொடங்கிய திகதி, முடித்த திகதி, பதவிப் பெயர், முழுநேரமா என்பது, என்ன தொழில்நுட்பத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்பது நான்கைந்து வரியில், கையொப்பம், நிறுவன முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். "இவர் எம்மிடம் கடமையாற்றினார், நன்னடத்தை உடையவர்" என்று மட்டும் எழுதிய கடிதம் வெளிநாட்டு அதிகாரிக்கு எதையும் சொல்லாது.

நான் முதல் வேலையை விட்டபோது கடிதம் வாங்கவில்லை. நான்கு வருடம் கழித்துத் தேடிப் போனபோது அந்த நிறுவனம் இடம் மாறி, எனக்குத் தெரிந்த ஒருவரும் அங்கே இல்லை. கடைசியில் என்னைக் காப்பாற்றியது ஊழியர் சேமலாப நிதிக் கூற்று. சம்பளத்தில் ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்டும் அந்தப் பதிவில், எந்த நிறுவனம் எந்த மாதம் கட்டியது என்று தெளிவாக இருக்கும். நேர்முகத்தில் சேமலாப நிதி கட்டுவீர்களா என்று கேளுங்கள். கட்டாத இடத்தில் வேலை செய்தால், பின்னால் ஆதாரம் காட்டுவது சிரமம்.

வீட்டில் இருந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறவர்கள், ஒப்பந்தம், மாதாந்தப் பற்றுச்சீட்டு, காசு வந்த வங்கிக் கூற்று மூன்றையும் மாதவாரியாகச் சேர்த்து வையுங்கள். வாடிக்கையாளரிடம் ஒரு கடிதமும் கேளுங்கள். வேலை நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது கேட்டால் தருவார்கள்.

4. உங்கள் பட்டம் அங்கே பட்டமாகக் கணிக்கப்படுமா

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களையும் பட்டங்களையும் அங்கே எப்படிக் கணிக்கிறார்கள் என்று காட்ட, ஜேர்மனிக்கு அனபின் என்ற தரவுத்தளம் இருக்கிறது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் இரண்டு விடயம் பார்க்க வேண்டும். முதலாவது, உங்கள் பல்கலைக்கழகம் 'எச் பிளஸ்', அதாவது அங்கீகரிக்கப்பட்டது, என்ற தரத்தில் இருக்கிறதா. இரண்டாவது, உங்கள் பட்டத்தின் வகை ஜேர்மன் பட்டத்துக்கு ஈடாகக் காட்டப்படுகிறதா. பலர் முதலாவதைப் பார்த்துவிட்டு மகிழ்ந்து மூடிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டும். இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து வையுங்கள். வீசா விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டிவரும்.

பல்கலைக்கழகம் இருந்து பட்டம் இல்லாவிட்டால், ஜேர்மனியின் வெளிநாட்டுக் கல்விக்கான மத்திய அலுவலகத்திடம் ஒப்பீட்டுச் சான்று கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணமும் காலமும் ஆகும். வேலை கிடைத்த பிறகு இதைத் தொடங்கினால் நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டிவரும்.

தனியார் நிறுவனத்தில் படித்து பிரித்தானியப் பல்கலைக்கழகத்தின் பட்டம் எடுத்தவர்கள், சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அந்தப் பிரித்தானியப் பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். படித்த இடத்தின் பெயரைத் தேடி, இல்லை என்று கண்டு மனம் உடைந்து போனவர்கள் இருக்கிறார்கள்.

உயர் தேசிய டிப்ளோமாவோடு நிற்பவர்களுக்கும் வழி உண்டு. 2023 நவம்பரிலிருந்து, தகவல் தொழில்நுட்பத் துறையில் கடந்த 7 வருடத்துக்குள் குறைந்தது 3 வருடம் பட்டதாரிக்கு நிகரான மட்டத்தில் வேலை செய்தவர்கள், பட்டம் இல்லாமலே ஜேர்மனியின் புளூ கார்டுக்கு, அதாவது உயர்திறன் வேலையாளருக்கான வதிவிட அனுமதிக்கு, விண்ணப்பிக்கலாம். இந்த வழியில் போகிறவருக்கு மூன்றாம் படியின் கடிதங்கள்தான் பட்டச் சான்றிதழ். அதை நினைத்து ஒவ்வொரு கடிதத்தையும் வாங்குங்கள்.

5. இப்போது நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படி ஏன் ஐந்தாவதாக வருகிறது என்றால், உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்தான் நாட்டைத் தீர்மானிக்கிறது. பெரியப்பா கனடாவில் இருக்கிறார் என்பதால் கனடா, நண்பன் லண்டனில் இருக்கிறான் என்பதால் லண்டன் என்று தொடங்கினால், பொருந்தாத சட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

ஜேர்மனியில் புளூ கார்டுக்கு ஒரு சம்பள எல்லை இருக்கிறது. 2025 இல் பொதுவான எல்லை வருடத்துக்கு 48,300 யூரோ. ஆள் தட்டுப்பாடு உள்ள தொழில்களுக்கு 43,759 யூரோ 80 சதம். மென்பொருள் வேலை இந்த இரண்டாவது வகைக்குள் வருகிறது. எல்லை ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். விண்ணப்பிக்கும் வருடத்தின் எண்ணைப் பாருங்கள்.

நெதர்லாந்தில் உயர்திறன் குடியேற்றத் திட்டத்துக்குப் பட்டம் நிபந்தனை இல்லை. நிறுவனம் குடிவரவுச் சேவையால் அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், சம்பளம் எல்லையைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். 2025 இல் 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மாதம் 4,171 யூரோ, மேற்பட்டவருக்கு 5,688 யூரோ. 28, 29 வயதில் இருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒரு பிறந்தநாள் மாதம் 1,500 யூரோ அளவு எல்லையைக் கூட்டிவிடும்.

பிரித்தானியாவில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. பட்டியலில் இல்லாத நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பது நேர விரயம். அங்கே வீசாக் கட்டணத்தோடு வருடத்துக்கு 1,035 பவுண் சுகாதாரக் கட்டணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும். நிறுவனம் கட்டாவிட்டால் உங்கள் கையில் இருந்துதான் போகும். சிங்கப்பூரில் சம்பள எல்லையோடு புள்ளி முறையும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவுக்கு வேலை இல்லாமலே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் முதலில் அவுஸ்திரேலியக் கணினிச் சங்கத்தின் திறன் மதிப்பீடு வேண்டும். அதற்கும் மூன்றாம் படியின் கடிதங்களே உயிர்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: புளூ கார்டில் போகிறவரின் கணவனோ மனைவியோ வீசாவுக்காக ஜேர்மன் மொழிப் பரீட்சை எழுதத் தேவையில்லை. போன உடனே வேலையும் செய்யலாம். இருவரும் உழைக்கும் குடும்பத்துக்கு இது பெரிய விடயம்.

ஒரு நாட்டை முதன்மையாகவும் இன்னொன்றை மாற்றாகவும் வையுங்கள். ஐந்து நாட்டுக்கு ஒரே நேரத்தில் ஓட வேண்டாம்.

6. சிவியைத் திருப்பி எழுதுங்கள்

எங்கள் ஊரில் பழகிய சிவியில் அடையாள அட்டை இலக்கம், சமயம், தகப்பன் பெயருக்கென்று ஒரு தனி வரி, கிராம அலுவலர் பிரிவு, சாதாரண தரப் பெறுபேறு எல்லாம் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கம் போதும்.

அதிகமானோர் பிழை விடுவது வேலையை விவரிக்கும் வரிகளில். "கட்டணப் பகுதியில் வேலை செய்தேன்" என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அது அண்ணா, சில நேரம் வாடிக்கையாளரின்ர அட்டையில ரெண்டு தரம் காசு கழியும். நான்தான் அதைக் கண்டுபிடிச்சு நிப்பாட்டினனான்." எப்படி நிறுத்தினார்? வாடிக்கையாளரின் இணைப்பு மந்தமாகும்போது செயலி அதே கோரிக்கையை மறுபடி அனுப்புகிறது என்று பதிவுகளில் இருந்து கண்டுபிடித்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாளத்தைக் கொடுத்து, ஒரே அடையாளம் இரண்டாம் முறை வந்தால் முதல் பதிலையே திருப்பி அனுப்பும்படி செய்திருக்கிறார். இவ்வளவு நல்ல வேலை சிவியில் ஒரு சொல்லாகக்கூட இல்லை. பிரச்சினை என்ன, நீங்கள் செய்தது என்ன, அதனால் என்ன மாறியது என்று ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள்.

மேலே, பெயருக்குக் கீழே, ஒரு வரி சேருங்கள்: இலங்கையில் வசிக்கிறேன், வேலை அனுமதி தேவை, பட்டம் அனபினில் சரிபார்க்கப்பட்டது, முன்னறிவித்தல் காலம் இத்தனை மாதம். வீசா தேவை என்பதை மறைத்தால் மூன்றாவது நேர்முகத்தில் அது வெளிவரும், இரண்டு பக்கத்துக்கும் நேரம் போகும். முன்கூட்டிச் சொன்னால், இவர் விடயம் தெரிந்தவர் என்ற நம்பிக்கை வரும்.

7. விண்ணப்பமும் நேர்முகமும்

லிங்க்ட்இன்னிலும் நிறுவனங்களின் சொந்தத் தளங்களிலும் தேடுங்கள். வீசா ஆதரவு, இடமாற்ற உதவி என்று விளம்பரத்தில் இருப்பவற்றுக்கு முதலிடம். வேலை மொழி ஆங்கிலம்தானா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது விண்ணப்பம் அனுப்புவதைவிட, கிழமைக்கு எட்டுப் பத்து அனுப்பி ஒவ்வொன்றிலும் சிவியின் முதல் பாதியை அந்த வேலைக்கு ஏற்றபடி திருத்துவது பலன் தருகிறது.

நேரத்தைக் கவனியுங்கள். பெர்லினில் காலை 10 மணி என்றால் கோடையில் எங்களுக்குப் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். மார்ச் கடைசிக் கிழமையில் ஒரு தம்பி பழைய கணக்கில் 2.30க்குத் தயாராக இருந்தார். நேர்முகம் 1.30க்கே தொடங்கி முடிந்துவிட்டது. அழைப்பிதழை நாட்காட்டியில் சேர்த்தால் அது தானாகவே சரியான நேரத்தைக் காட்டும்.

மின்சாரம் போனாலும் ரவுட்டர் நிற்காதபடி ஒரு சிறிய யூபிஎஸ் வாங்குங்கள். கைப்பேசி டேட்டாவை மாற்றாக வையுங்கள். வீட்டில் எல்லாருக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

இனி, உண்மையான தடை எது என்று சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு வரும், நிரல் வரும். ஆனால் யோசிக்கும்போது வாயை மூடிக்கொள்கிறார்கள். சின்ன வயதில் இருந்து வகுப்பில் சரியான விடை தெரிந்தால் மட்டும் கையை உயர்த்தப் பழகியவர்கள் நாங்கள். நேர்முகம் செய்கிறவர் கேட்க விரும்புவது விடைக்குப் போகும் பாதையை. "இதை முதலில் வரிசைப்படுத்தலாம் என்று நினைக்கிறேன், ஆனால் தரவு பெரிதானால் நினைவகம் போதாது, ஆகவே வேறு வழி பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். பாதி தவறாக இருந்தாலும் பரவாயில்லை. பத்து நிமிடம் பேசாமல் இருந்து சரியான விடை எழுதியவரை நிராகரித்ததைக் கண்டிருக்கிறேன்.

இதற்குப் பயிற்சி சுலபம். நீங்கள் செய்த ஒரு திட்டத்தை ஒரு நண்பருக்குக் கிழமையில் மூன்று தரம், பத்து நிமிடம், ஆங்கிலத்தில் விளக்குங்கள். அவர் இடைமறித்துக் கேள்வி கேட்க வேண்டும். ஆறு கிழமையில் வித்தியாசம் தெரியும். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அங்கேயும் பாதிப் பேருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். எடுத்ததற்கெல்லாம் 'சேர்' போட்டுப் பேசுவதை விட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுங்கள். அங்கே அது மரியாதைக் குறைவாகாது.

ஏஜென்டிடம் காசு கொடுத்து மென்பொருள் வேலை வாங்க முடியாது. உண்மையான நிறுவனம் வேட்பாளரிடம் ஒரு சதமும் கேட்காது. யாராவது பதிவுக் கட்டணம், கோப்புக் கட்டணம் என்று கேட்டால், அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டுப்பாருங்கள். அம்மாவின் நகையை அடகு வைப்பதற்கு முன் அந்த ஒரு அழைப்பை எடுங்கள்.

8. ஒப்பந்தத்தை வரிக்கு வரி வாசியுங்கள்

ஜேர்மனியில் சொல்லும் சம்பளம் வரிக்கு முந்தியது. 48,300 யூரோ என்றால் மாதம் 4,025. தனியாளுக்கு வரி, ஓய்வூதியம், சுகாதாரக் காப்புறுதி எல்லாம் கழித்துக் கைக்கு வருவது 2,600 யூரோ அளவில்தான். அதை ரூபாயாக மாற்றிச் சந்தோஷப்படாமல், அந்த நகரத்தின் வீட்டு வாடகையோடு ஒப்பிடுங்கள்.

அடிப்படைச் சம்பளம் அந்த வருடத்து எல்லையைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். உறுதியில்லாத போனஸைக் கூட்டித்தான் எல்லையைத் தாண்டுகிறது என்றால் வீசாவில் சிக்கல் வரும். தொடங்கும் திகதியை இன்னும் மூன்று நான்கு மாதம் தள்ளிக் கேளுங்கள். தகுதிகாண் காலம் எவ்வளவு, டிக்கெட்டும் முதல் மாத வீடும் யார் செலவு, இடையில் விலகினால் அந்தச் செலவைத் திருப்பிக் கேட்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இங்கே இருக்கும் வேலையை இப்போது விடாதீர்கள். வீசா கடவுச்சீட்டில் ஒட்டிய பிறகுதான் விலகல் கடிதம். முன்னறிவித்தல் காலத்துக்குப் பயந்து ஒப்பந்தம் வந்த அன்றே விலகி, ஐந்து மாதம் சம்பளம் இல்லாமல் இருந்தவரை எனக்குத் தெரியும்.

9. வீசா

ஜேர்மன் வேலை வீசாவுக்கு இணையத்தில் தூதரகச் சேவைத் தளத்தின் ஊடாக விண்ணப்பித்து, பிறகு கொழும்பில் உள்ள தூதரகத்துக்கு நேரில் போகவேண்டும். கட்டணம் 75 யூரோவுக்குச் சமமான ரூபாய். ஒப்பந்தம், நிறுவனம் நிரப்பித் தரும் வேலை விவரப் படிவம், பட்டம், அனபின் அச்சு, சேவைக் கடிதங்கள், காப்புறுதி ஆகியவை வேண்டும். தமிழில் இருக்கும் பத்திரத்துக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வையுங்கள். உங்கள் பெயரை அவர் எழுதும்போது கடவுச்சீட்டின் எழுத்துப்படியே எழுதச் சொல்லுங்கள். முதலாம் படியில் பட்ட பாடு இந்த இடத்தில் கெட்டுப்போகக் கூடாது.

அவசரமானால், நிறுவனம் 411 யூரோ கட்டி அங்கேயே குடிவரவு அலுவலகத்தில் விரைவு நடைமுறையைத் தொடங்கலாம். பல சிறிய நிறுவனங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மனிதவளப் பிரிவிடம் நீங்களாகவே கேளுங்கள்.

பொலிஸ் சான்றிதழ், மருத்துவச் சோதனை போன்றவை உங்கள் நாட்டுக்குத் தேவையானால் இப்போதுதான் எடுக்கவேண்டும். பிரித்தானியாவுக்குக் காசநோய்ச் சோதனைச் சான்று வேண்டும். அது 6 மாதம்தான் செல்லும்.

கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி நேராகத் தூதரகத்துக்கு ஓடாதீர்கள். முதல் நாளே போய்த் தங்குங்கள். பஸ் இரண்டு மணித்தியாலம் பிந்தினால் அந்த நேரம் போய்விடும், அடுத்த நேரம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மூலப் பத்திரங்களைக் கைப்பையில், உங்கள் மடியிலேயே வையுங்கள்.

10. பணியகத்தில் பதிவு

வீசா வந்த பிறகு, பறப்பதற்கு முன், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியவேண்டும். படித்தவர்களுக்கு, தாமாகவே வேலை தேடிக்கொண்டவர்களுக்கு இது தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். தேவை. வேலை வீசாவோடு போகிறவரைக் கட்டுநாயக்காவில் கேட்பார்கள். கடைசி நாளில் விமான நிலையத்தில் நின்று தடுமாறாமல், இரண்டு கிழமைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

11. கையில் எவ்வளவு காசு வேண்டும்

முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். ஜேர்மனியில் வீட்டுக்காரர் மூன்று மாத அடிப்படை வாடகை வரை வைப்புப் பணமாகக் கேட்கலாம். அதை மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்குச் சட்ட உரிமை உண்டு. தெரியாமல் பலர் ஒரேயடியாகக் கட்டிவிடுகிறார்கள். இரண்டு மாதச் சாப்பாடு, தற்காலிகத் தங்குமிடம், குளிர் உடுப்பு எல்லாம் சேர்த்து 4,000 யூரோ இருந்தால் நெஞ்சிடி இல்லாமல் இருக்கலாம். குளிர் உடுப்பை இங்கே வாங்க வேண்டாம், அங்கே போய் வாங்குங்கள். யூரோ வாங்க வங்கிக்குப் போகும்போது கடவுச்சீட்டு, வீசா, டிக்கெட் மூன்றையும் கொண்டுபோங்கள்.

வேலை தொடங்குவதற்கு ஒரு கிழமை முன்பே போய் இறங்குவதாக இருந்தால், அந்த ஒரு கிழமைக்கும் காப்புறுதி இருக்கவேண்டும். நிறுவனத்தின் காப்புறுதி வேலை தொடங்கும் நாளில் இருந்துதான்.

12. இறங்கிய முதல் இரண்டு கிழமை

முதலில் முகவரிப் பதிவு. குடிபுகுந்து இரண்டு கிழமைக்குள் நகர அலுவலகத்தில் பதியவேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையொப்பமிட்ட ஒரு உறுதிப்படிவம் தேவை. தற்காலிக வீடு எடுக்கும்போதே, காசு கட்டுவதற்கு முன், அந்தப் படிவம் தருவீர்களா என்று கேளுங்கள். தராத வீடு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பதிவு இல்லாமல் வரி இலக்கம் வராது. வரி இலக்கம் இல்லாமல் முதல் சம்பளத்தில் ஆக உயர்ந்த வகுப்பில் வரி வெட்டுவார்கள். பிறகு திருப்பித் தருவார்கள்தான், ஆனால் கையில் காசு தேவைப்படும் மாதம் அது.

பதிவு முடிந்த அன்றே, தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக உள்ள பெயரை ஒட்டுங்கள். அங்கே தபால்காரர் வீட்டிலக்கத்தோடு பெயரையும் பார்த்துத்தான் கடிதம் போடுவார். நான் எல்லாரும் கூப்பிடும் என் சொந்தப் பெயரை ஒட்டியிருந்தேன். வங்கி அட்டையும் வரி இலக்கக் கடிதமும் தகப்பன் பெயருக்கு வந்து, இப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திரும்பிப் போய்விட்டன. மூன்றாவது கிழமைதான் காரணம் விளங்கியது. ஒரு துண்டுக் கடதாசியில் அப்பாவின் பெயரை எழுதிப் பெட்டியில் ஒட்டினேன். நான்காம் நாள் கடிதம் வந்தது.